எர்மான்னோ கிளம்பிவிட்டார்

டூரின் நகரத்து அடுக்குமாடி வீட்டில், ஐம்பத்திரண்டு வயது எர்மான்னோ பெட்டியில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தார். கிளேலியா கதவை மறித்து நின்றாள்.

"யாரு அந்த மகராசி?"

"ஒர்தென்சியா. நடன வகுப்புல பழக்கம். எனக்கும் ஒரு வாழ்க்கை வேணும், தடுக்காத."

"தலைக்குச் சாயம் அடிச்சப்பவே நெனச்சேன்! இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டது, துவைச்சுப் போட்டது எதுவும் கண்ணுக்குத் தெரியல, இல்ல?"

எர்மான்னோ பெட்டியை மூடப் போனார்.

"கம்பளி பனியனும் உள்ள போகட்டும். நெஞ்சுல காத்து பட்டா ஒரு வாரம் இருமல்தான். அதெல்லாம் அவளுக்கு எங்க தெரியப்போகுது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரத்தில் எர்மான்னோ அதே பெட்டியோடு திரும்பி வந்தார்.

"அதுக்குள்ளயா? துரத்திட்டாளா?"

"இல்ல. டிராம் நிறுத்தத்துல அவளும் பெட்டியோட நின்னா. நான் அவ வீட்டுக்குக் கிளம்பியிருந்தேன், அவ இங்க வரக் கிளம்பியிருந்தா. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பெட்டி மேல உக்காந்திருந்துட்டுத் திரும்பிட்டோம்."

"ஏன், அவளுக்குன்னு ஒரு வீடு இல்லியா?"

எர்மான்னோ பனியனை எடுத்து மாட்டிக்கொண்டே பெருமூச்சு விட்டார்.

"அவளும் இன்னும் அவங்க அம்மா வீட்டுலதான் இருக்காளாம், அம்மா."