மாஸ்டர் சேர்ந்த வகுப்பு

படிவத்தில் வயது அறுபத்திரண்டு என்று எழுதும்போதே அவருக்குக் கூச்சமாக இருந்தது. அதை வாங்கிப் பார்த்த ஆசிரியை சட்டென்று எழுந்து நின்றாள்.

"சார், நீங்க சர்ச் கொயர் மாஸ்டர்தானே? எத்தனையோ பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லித் தந்தவர், இங்க கத்துக்க வர்றீங்களா?"

"சேத்துக்குவீங்களாம்மா?"

"இந்த வயசுல விரல் வளையணுமே சார்."

"நாப்பது வருஷம் ஆர்கன் வாசிச்ச விரல். வளையும்."

"தினமும் வீட்டுல பழகணும். கூட யாராவது இருந்தா நல்லது."

"என் மக இருக்கா. அவளுக்கு இது தண்ணிபட்ட பாடு."

"அப்ப அவங்களே சொல்லித் தரலாமே?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதைக் கேக்கறதுக்கே எனக்கு அவ பாஷை தெரியாதும்மா. பிறவியிலேயே அவளுக்குக் காது கேக்காது. கர்த்தர் காதைத் திறப்பார்னு முப்பது வருஷம் முழங்கால் தேய ஜெபம் பண்ணேன். அவ பேச்சை நாம கத்துக்கணும்னு ஒருநாளும் தோணல. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அவ அம்மாதான் பேசிட்டிருந்தா. அந்த மகராசி போய் ஒரு மாசமாச்சு. இப்ப எதுவானாலும் சீட்டுல எழுதி நீட்டறேன். படிச்சுட்டு எழுந்து போயிடறா."

சைகைமொழி ஆசிரியை நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முதல்ல எது கத்துக்கணும் சார்?"

அவர் இரண்டு கைகளையும் மேசைமேல் எடுத்து வைத்தார்.

"'சாப்பிட்டியாம்மா'ன்னு எப்படிக் கேக்கறது?"