நிழல் யார் பக்கம்

படத்தைப் பார்த்ததும் இவர் அதன் முன்னால் நின்றுவிட்டார்.

மேடைக்குக் கீழே ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஆள் பாதி உயரப் படம். கறுப்பு வெள்ளை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன், போரின் மூன்றாம் நாள், விமானத்திலிருந்து எடுத்தது.

சங்கச் செயலாளரின் ஏற்பாடு. விமானப்படையின் பழைய ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடி, சாப்பிட்டுப் பிரிகிற கூட்டம் இது. சொல்வதென்னவோ அதே நாலு கதைகள்தான்; வருடத்துக்கு ஒரு முழம் வளரும், அவ்வளவுதான். இந்த முறை படமும் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று அந்த மனிதருக்குத் தோன்றிவிட்டது.

படத்தில் ஆறு வெள்ளை வட்டங்கள். இவர் கையால் போட்டவை.

வட்டங்களுக்குள் ஆறு குழிகள்.

அன்றைக்கு அவை மேடுகளாக இருந்தன.

விமானிகள் எதிரி நிலத்தைப் படமெடுத்து வருவார்கள். இவர் அதைப் படித்துச் சொல்ல வேண்டும். மேலிருந்து பார்த்தால் மேடும் பள்ளமும் ஒன்றுதான். நிழலை வைத்துத்தான் பிரிக்க முடியும். நிழல் படிப்பவர் பக்கம் விழும்படி படத்தை வைத்தால் எல்லாம் உள்ளபடி தெரியும். எதிர்ப்பக்கம் விழுந்தால் கண் ஏமாந்துவிடும். பள்ளம் மேடாக எழுந்து நிற்கும்.

அதனால் அந்த அறையில் ஒரு வழக்கம். மேசையில் படம் விழுந்ததும், கூட வேலை பார்த்த பிச்சாண்டி கேட்பான்.

“நிழல் யார் பக்கம்?”

“என் பக்கம்.”

பிறகுதான் லென்ஸைத் தொடுவார்கள். ஒரு நாளைக்கு நூறு முறை. காத்திருக்கும் விமானிகளுக்கே மனப்பாடமாகி, சாப்பாட்டு வரிசையில் சொல்லிக் கேலி செய்வார்கள்.

மூன்றாம் நாள் பிச்சாண்டி மலேரியாவில் படுத்துவிட்டான்.

ஈரம் காயாத படம். முதுகுக்குப் பின்னால் அதிகாரிகள். பக்கத்தில் வரைபடம், வடக்கு மேலே இருக்க. ஒத்துப்பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று படத்தையும் வடக்கு மேலே வைத்தார். அந்தப் பருவத்தில் நிழல் வடக்கே விழும். இவரை விட்டு எட்டப் போகும்.

கேட்க ஆள் இல்லை. இவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆறு மேடுகள். மண் மூடிய வெடிமருந்துக் கிடங்குகள். எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை குண்டு விழுந்தது. இவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. இன்னும் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

இப்போது செயலாளர் அவசரத்தில் படத்தைத் தலைகீழாக வைத்திருக்கிறார். நிழல் கீழ்நோக்கி, பார்ப்பவர் பக்கம் விழுகிறது.

ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் ஒரு கூரை.

வாசலிலிருந்து குழிவரை மெல்லிய தடம். ஓடி ஓடிப் பதிந்தது.

விமானச் சத்தம் கேட்டால் இறங்கி ஒளிந்துகொள்ள வெட்டியவை. ஆறு வீட்டுக்கு ஆறு.

டக். டக்.

வாக்கர் சத்தம். எபனேசர் சார் வந்துவிட்டார்.

இந்தப் படத்தை எடுத்த விமானி. எண்பத்தாறு வயது. குண்டு விழுந்த பிறகு சேதத்தைப் படமெடுக்க மறுபடி பறந்தவரும் அவர்தான். அந்தப் படத்தில் தூசியைத் தவிர எதுவும் தெரியவில்லை. அன்றிலிருந்து பெரியவருக்கு ஒரே கேள்வி. வருடா வருடம், இலையில் உட்காரும் முன்.

“வெடிமருந்துன்னா அதுவும் சேர்ந்து வெடிச்சிருக்கணுமே, சார்ஜென்ட்?”

“நனைஞ்சு போயிருக்கும் சார்.”

ஒரு வருடம் மட்டும் அதற்கு மேலும் கேட்டார். “தூசிக்கு நடுவுல ஒரு மாடு நின்னுச்சுப்பா. கிடங்குல மாடு எதுக்கு?”

“மேய வந்திருக்கும் சார்.”

இவர் நம்பித்தான் சொன்னார். கேட்ட பிறகுதான் பெரியவருக்குச் சோறு இறங்கும்.

டக். டக். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து, படத்தை நோக்கி நேராக.

இவருக்குப் பயம் வந்தது. பெரியவருக்காகவா, தனக்காகவா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. படத்தின் சட்டத்தை இரு பக்கமும் பிடித்துத் தூக்கினார்.

வாக்கர் சத்தம் நின்றது.

திருப்பி வைத்தார்.

சத்தம் மறுபடி தொடங்கியது.

“ஐயையோ, தலைகீழாவா வச்சிட்டேன்?” செயலாளர் ஓடிவந்தார்.

“வடக்கு மேல வரணும்ல” என்றார் இவர்.

அது உண்மைதான். செயலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டு, இலை போடுவதைக் கவனிக்கப் போனார்.

வட்டங்களுக்குள் ஆறு மேடுகள் எழுந்து நின்றன. அன்றைக்குப் போலவே அழகாக, கச்சிதமாக.

எபனேசர் சார் வந்து பக்கத்தில் நின்றார். மூச்சு வாங்கியது. வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் பதிலை நாக்கு நுனியில் வைத்திருந்தார். நனைஞ்சு போயிருக்கும் சார்.

பெரியவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

“நிழல் யார் பக்கம், சார்ஜென்ட்?”

என் பக்கம் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

பெரியவர் வாக்கரை விட்டார். இரண்டு கைகளாலும் சட்டத்தைப் பிடித்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பத் தொடங்கினார்.

இவர் தடுக்கவில்லை. பெரியவர் விழுந்துவிடாமல் முதுகில் கைகொடுத்து நின்றார்.