இடுக்கில் வெளிச்சம்

மாரியூர் மீன்கடைக்காரர் சுகந்தி கத்திப் பட்டறைக்கே வந்துவிட்டார். மீன் வெட்டும் கத்தி நேராக இருந்தால்தான் ஆர்டர். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிய கத்தியெல்லாம் பட்டறைக்கார யோகேஸ்வரனுக்கு வளைந்துவிட்டது.

இன்று எண்ணெயை விட்டுவிட்டு, வைஸ் இடுக்கியின் இரு வாயிலும் தடித்த அலுமினியத் தகடுகளைப் பொருத்தினான். பழுக்கக் காய்ச்சிய கத்தியை நடுவே செருகி இறுக்கினான். ஆறியதும் எடுத்தான்.

கூட்டாளி வேல்ராஜ் அதன்மேல் எஃகு ஸ்கேலை வைத்துப் பார்த்தான். “நடுவுல வெளிச்சம் தெரியுது. இதுவும் கோணல்தாம்லே!”

யோகேஸ்வரன் தலை கவிழ்ந்தது. “எனக்கு இது வராதுக்கா.”

சுகந்தி கத்தியை மேசைக் கண்ணாடியில் படுக்கவைத்தார். மயிரிழைகூட இடைவெளி இல்லை. பிறகு அதே கண்ணாடியில் ஸ்கேலை வைத்தார். அதன் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

“ஏலே வேலு, இந்த ஸ்கேல வச்சு என்ன பண்ணுன?”

“பெயிண்ட் டப்பா மூடிய நெம்புனேன்க்கா.”

சுகந்தி சிரித்தார். “ஆர்டரு ஒங்களுக்குத்தான் தம்பி. மொதல்ல புது ஸ்கேலு வாங்குங்க!”