சிட்டுவின் ஏகாதசி

"எனக்குத் தளிகை பண்றதுன்னா உயிர். சமையல்ல குறை இருந்தா மறைக்காம சொல்லிடணும்" என்றாள் ப்ரியம்வதா, அவன் பெண் பார்க்க வந்த அன்று.

"சாப்பாட்டுல குறை சொல்ற வழக்கமே எனக்குக் கிடையாது" என்றான் ஹயக்ரீவன்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. கொடுத்த வாக்கை அவன் ஒரு வேளைகூட மீறவில்லை. சாப்பிட்டு எழுந்தால் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சியிருக்காது.

இப்போது இருவரும் தில்லைநகரில் கால்நடை மருத்துவர் ஸ்டீபன்ராஜின் எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். எடை மேடையில் சிட்டு படுத்திருந்தது. ஹயக்ரீவன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வளர்க்கும் லாப்ரடார். அந்தப் பெயர் வைத்த அன்று அது அவன் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கியது.

"முப்பத்தொன்பது கிலோ. உங்க கல்யாணத்தப்போ இருபத்தெட்டு" என்றார் டாக்டர். "இப்பவே மூணு படி ஏற முடியல. இப்படியே போனா வருஷக் கடைசியில எழுந்து நிக்கவே நிக்காது. நான் சொன்ன அளவுதான் போடறீங்களா?"

"அளவுக் கிண்ணத்துல தலை தட்டித்தான் டாக்டர். அதுக்கு மேல ஒரு பிஸ்கட் கிடையாது" என்றாள் ப்ரியம்வதா.

"வேற யாராவது போடறாங்களா?"

"ஆத்துல நாங்க ரெண்டே பேர்தான்."

ஹயக்ரீவன் சுவரில் இருந்த பூனைப் படத்தை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் எடை அட்டையைப் புரட்டினார். "மூணு மாசமா வாரா வாரம் வரீங்க. ரெண்டே தடவைதான் குறைஞ்சிருக்கு. இந்த ரெண்டு தேதிக்கும் முதல் நாள் என்ன செஞ்சீங்க?"

ப்ரியம்வதா போனில் பஞ்சாங்கத்தைத் திறந்தாள். "ரெண்டு நாளுமே ஏகாதசி டாக்டர்."

"அன்னைக்கு நாயும் விரதமா?"

"சேச்சே, அதுக்கு வழக்கமான கிண்ணம். எங்களுக்குத்தான் சாதம் கிடையாது, ஒரு வேளை பலகாரம். அன்னிக்கு அடுப்படியில எனக்கு லீவு. இவர்தான் கோதுமை ரவை உப்புமா கிளறுவார்."

"அந்த உப்புமா நாய்க்குப் போகுதா?"

"எங்க டாக்டர்! இவ வாணலியையே சுரண்டிடுவா. விரதப் பசி" என்று ஹயக்ரீவன் சிரித்தான்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அப்ப மத்த நாள்ல உங்க வீட்டுச் சாப்பாடு அது வயித்துக்குப் போகுது. யார் போடறதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. அடுத்த சனிக்கிழமை அரைக் கிலோவாவது குறையணும்."

வீடு திரும்பும் வழியில் காவிரிப் பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. பின் சீட்டில் படுத்தபடியே சிட்டு மூச்சு வாங்கியது. கண்ணாடியில் அதைப் பார்த்த ஹயக்ரீவனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"ப்ரியா, நான்தான். நீ ரசம் எடுக்க உள்ள போறச்சே என் தட்டுல பாதியை அதுக்குப் போட்டுடறேன்."

அவள் ஆற்றைப் பார்த்தாள். "பாதிதானா?"

"முக்கால்."

அழப்போகிறாள் என்று அவன் கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டான்.

"நீங்க ஆபீஸ் போனப்புறம் என் பங்கு முழுசும் அதுக்குத்தான். நான் தயிரும் ஊறுகாயுமா ஓட்டிண்டிருக்கேன்" என்றாள் ப்ரியம்வதா. "தளிகைன்னா உயிர்னு சொல்லச் சொன்னது அம்மா."

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. கார் நகர்ந்தது. பாலம் முடிந்து ராஜகோபுரம் கண்ணில் பட்டது. ஒன்றரை வருஷமாகக் கேட்க நினைத்ததை அப்போதுதான் அவள் கேட்டாள்.

"ஏன்னா, நாளையிலேர்ந்து தளிகையை நீங்களே பண்ணிடறேளா?"