தடத்துச் சேறு

கஸ்பாருக்குத் தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலித்தது. ஆய்வுக் கப்பலில், ஐந்து கிலோமீட்டர் ஆழக் கடலடியிலிருந்து சேற்றுக் குழாய்களைக் காலையிலிருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். சுரங்க எந்திரம் சோதனைக்குச் சுரண்டிப்போன தடத்திலிருந்து ஒரே ஒரு குழாய்தான் உடையாமல் வந்தது. அதை இரண்டு நாள் மூடிவைத்து, சேறு எவ்வளவு பிராணவாயு இழுக்கிறது என்று அளந்தால்தான் அங்கே எவ்வளவு உயிர் செத்தது என்று சுரங்க அனுமதி விசாரணையில் காட்டமுடியும். ஆய்வாளர் சுகிர்தா சாப்பிட்டுத் திரும்பியபோது குழாயின் மூடி திறந்திருந்தது. கஸ்பாரின் கை முழங்கைவரை சேறு.

“என்ன அண்ணாச்சி இது?”

“மீட்டருல நம்பரு எறங்கிக்கிட்டே போச்சு மேடம். மூச்சு முட்டுதுன்னு கலக்கிவிட்டேன். தூண்டிலுக்கு வச்சிருக்க உசுரு றாலுக்கு இப்பிடித்தான் காத்துக் குடுப்போம்.”

“தவிடும் போடும்வே,” என்று சமையல்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“கலக்குன சேத்த அளக்க முடியாது அண்ணாச்சி.”

“இன்னொரு குழாய் எறக்குவோம்.”

“டீசல் ஊர் போய்ச்சேர மட்டுந்தான் இருக்கு.”

கப்பல் திரும்பியது. அடுத்த வாரம் விசாரணை. அதற்கடுத்த மாதம் எந்திரங்கள் இறங்கும். கஸ்பார் கையைக் கழுவாமல் நின்றார். அந்தச் சேற்றுக்கு அவர் ஒரு சாட்சி கடன்பட்டிருந்தார்.