இருவாச்சி உட்கார்ந்த படம்

மூன்று நாள் காத்துக் கிடந்தும் வால்பாறைக் காட்டின் அந்த மரப்பொந்துக்கு இருவாச்சிப் பறவை வரவில்லை. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், ஞானதுரை கேமராவில், எதிரே இல்லாததைத் தானே வரைந்து சேர்க்கும் 'நிரப்பு' என்ற பொத்தானை அழுத்தினார். எதிரே வெறும் மரம். படத்தில் மட்டும், அலகில் அத்திப்பழத்தோடு ஓர் ஆண் இருவாச்சி. எல்லோரும் செய்வதுதானே.

வனத்துறை அலுவலகச் சுவரில் படம் ஏறிய மறுநாள், கூடு காவலர் வெள்ளையன் அவரைத் தேடி வந்தார். ஆறு வருடமாக அந்தப் பொந்தைக் கண்காணித்துப் பதிவேட்டில் 'பறவை இல்லை' என்று எழுதி வருபவர்.

"நானும் ஒங்க பக்கத்துலதான சார் ஒக்காந்திருந்தேன். அது றெக்க அடிச்சா ரயிலு போற மாதிரி கேக்கும். எனக்குக் கேக்கவே இல்ல. மரத்தடியில ஒரு பழக்கொட்டகூட கண்ணுல படல."

ஞானதுரை கேமராப் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"கண்ணும் காதும் போச்சு சார். இத்தன வருசமா எத்தனய விட்டேனோ. நாளையிலேர்ந்து வரலன்னு ரேஞ்சருக்கு எழுதிக் குடுத்துட்டேன்."

கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி நீட்டினார். "நீங்க வச்சுக்கோங்க. ஒங்களுக்குத்தான் தெரியுது."

ஞானதுரை வாங்கிக்கொண்டார். வேண்டாமென்றால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.