கமாவின் பூர்வீகம்

ஆங்கில இலக்கணப் புத்தகம் ஒன்றில் கமா முற்றுப்புள்ளியை மிரட்டியது. "தம்பி, வாக்கியத்தோட கடைசியில இனிமே நான்தான் உட்காருவேன். எனக்குப் பூர்வீகம் கிரேக்கம். உனக்கு ஊர் பேர் உண்டா?"

முற்றுப்புள்ளிக்கு அந்த ஓர் இடம்தான் பிழைப்பு. ஓடிப்போய் அகராதியிடம் நியாயம் கேட்டது. கமாவும் பின்னாலேயே வந்தது.

"கிரேக்கம்ங்கிறது நிஜம்தான்," என்றது அகராதி. "அங்கே கமான்னா வெட்டிப்போட்ட துண்டுன்னு அர்த்தம்."

முற்றுப்புள்ளி துள்ளிக் குதித்தது. "அட, உன்னை வெட்டியில்ல போட்டிருக்காங்க!"

கமா வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கியது. "ஆமா, வெட்டினது யாரு? கிரேக்கர்கள்! உன்னை யாராவது வெட்டியிருக்காங்களா?"

முற்றுப்புள்ளி யோசித்துப் பார்த்தது. உள்ளூர்க்காரன் ஒருவன்கூட அதன் மேல் ஒரு கீறல் போட்டதில்லை. கூனிக் குறுகித் திரும்பிப் போய், தன் இடத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னது: "நீங்க உட்காருங்க ஐயா."